நூற்றிரண்டு

யோவென்சூவில் ஜனவரி.
ஒன்பதரை மணிக்கு விடிகிறது, அதுவும் அரைமனதாக.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஆய்வகத்தின் நிலவறையில்
நானும் உர்ஹோவும்
ஒரு படலத்தின் முன்னால்.

டைட்டானியம் நைட்ரைடு, எட்டு நானோமீட்டர்.
மூச்சு பட்டால் கிழியும் என்பார்கள்.
கிழியாது. ஆனால் மூச்சு பட்டது
அதற்குத் தெரிந்துவிடும்.
அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலை இதுதான்:
பத்து மைக்ரான் அலைநீளத்தில்,
உயிருள்ள உடம்பெல்லாம் சத்தமில்லாமல் ஒளிரும்
அந்த நிறமில்லாத நிறத்தில்,
படலத்தின் மேல் கொஞ்சம் வெப்பம் விட வேண்டும்.
திரும்பி வந்தது எவ்வளவு,
ஊடுருவிப் போனது எவ்வளவு,
இரண்டையும் நூறிலிருந்து கழித்தால்
உள்ளே தங்கியது.

ஊரெல்லாம் அப்படித்தான் கழிக்கிறது.
எனக்குக் கழித்து வருவதில் நம்பிக்கை இல்லை.
வரவு இவ்வளவு செலவு இவ்வளவு
மிச்சம் பையில் இருக்கும் என்று ஒருவன் சொன்னால்
பையைத் திறந்து பார்க்கிற சாதி நான்.

ஆகவே படலத்தை
இரண்டு மெல்லிய கால்களில் தொங்கவிட்டோம்,
அடிவயிற்றில் வனேடியம் ஆக்சைடு பூசி.
ஒரு டிகிரி சூடேறினால்
மின்தடை நூற்றுக்கு இரண்டு இறங்கும்.
கால்கள் மெலிந்தவை என்பதால்
வாங்கிய சூடு வடிய நேரம் பிடிக்கும்.
அதற்குள் படித்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் உணரிக்கு
தினமும் காலையில் திரவ நைட்ரஜன் ஊற்றுவோம்,
புகையப் புகைய, கன்றுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல.
இதற்குக் குளிரூட்டல் கிடையாது.
அறையின் சூட்டிலேயே உட்கார்ந்து
அறையைப் பார்க்கும்.
தன் சூடு எது, பிறர் சூடு எது என்று
அடிக்கடி குழம்பும்.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
டக் என்று இமை மூடி
ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டுத்
திறக்கும்.

திரும்பியது இருபத்தாறு.
போனது இருபத்தைந்து.
தங்கியது ஐம்பத்தொன்று.
கூட்டினேன்.
உர்ஹோவும் கூட்டினார், விரல்விட்டு.
நூற்றிரண்டு.

கொடுத்ததற்கு மேல் எப்படி வரும்?
தங்கக் கோளத்தைத் துடைத்தோம்.
கம்பிகளை மாற்றினோம்.
ஜெர்மேனியம் சன்னலை மாற்றினோம்.
கதிரை நறுக்கி நறுக்கி அனுப்பும் சக்கரம்
பல் உடைந்து தம்பெரேவுக்குப் போயிருந்தது,
அது வந்தால் தெரியும் என்றார் உர்ஹோ.
மூன்று நாள்
ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டு
ஒருவருக்கொருவர் காப்பி ஊற்றிக்கொடுத்தோம்.

செவ்வாய் மாலை நூற்றுமூன்று.
புதன் இரவு, எந்திரம் தானே ஓடியபோது, நூறு.
வியாழன், உர்ஹோ மட்டும்: நூற்றொன்று.
குறிப்பேட்டின் ஓரத்தில் அப்போதுதான்
ஒரு புதிய கட்டம் வரைந்தேன்:
அறையில் யார்?

செவ்வாய்க்கிழமை ஜினைதா வந்திருந்தாள்,
தரை துடைக்க, ஒரு வாளி வெந்நீரோடு.
கதவருகே நின்று
பேரனின் பல்வலியைப் பற்றி
போனில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஏறக்குறைய நூறு வாட்.
மேசையில் சாய்ந்து
எண்ணைப் பார்க்கக் குனிந்தபோதெல்லாம்
எண்ணுக்குள் விழுந்திருக்கிறோம்.

வெளியே போய்க் கதவைச் சாத்தி
தாழ்வாரத்தில், கோட்டுப் போட்டுக்கொண்டு,
கண்ணாடி வழியே திரையைப் படித்தோம்.
நூறு புள்ளி ஒன்று.
உர்ஹோ என் முதுகில் தட்டினார்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.

அறிக்கையில் எழுதினேன்:
பின்னணிக் கதிர்வீச்சு நீக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை சக்கரம் வந்தது.
அது சுழன்றால்
தன் தாளத்தில் வரும் வெப்பத்தை மட்டும் எண்ணும்,
மற்றதெல்லாம் கணக்கில் இல்லை.
உர்ஹோ கிட்டே போய் நின்றார்.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைக் காட்டினார்.
நூறு.
இன்னும் கிட்டே போனார்.
நூறு.

"சரியாகத்தான் இருக்கிறது" என்றார்,
புகார் சொல்வதுபோல.